மதுரையில் வீடு கட்ட காண்ட்ராக்டர்: மூன்று வகை சேவையும் எங்கள் மதிப்பீடும்

ஒத்தக்கடையில் இருந்து நாகமலை புதுக்கோட்டை வரை எந்தப் பக்கம் போனாலும் "அரசு லைசென்ஸ் பெற்ற கட்டட காண்ட்ராக்டர்" என்று ஒரு பிளக்ஸ் போர்டாவது கண்ணில் படும். தமிழ்நாட்டில் தனி வீடு கட்டிக் கொடுப்பவருக்கு என்று தனியாக ஒரு லைசென்ஸ் கிடையாது. போர்டில் உள்ள அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு அர்த்தம்தான் இருக்கும். ஒன்று, அவர் பொதுப்பணித் துறையில் வகுப்பு வாரியாகப் பதிவு செய்தவர்; அது அரசு டெண்டர் எடுப்பதற்கான பதிவு. இன்னொன்று, 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பதிவு பெற்ற பொறியாளர். பிளானில் கையெழுத்துப் போட்டு அனுமதிக்குக் கொடுக்கும் தகுதி அவருக்கு உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிளானில் கையெழுத்துப் போட்டவரும் மனையில் நின்று வேலை பார்ப்பவரும் பல இடங்களில் வேறு வேறு ஆள். கையெழுத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு அவர் ஒதுங்கிவிடுவார். கட்டுபவர் மேஸ்திரியாக இருந்து காண்ட்ராக்டர் ஆனவராக இருப்பார். அதில் தப்பில்லை, நல்ல மேஸ்திரி கையில் தூக்குக்குண்டு இருந்தால் சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஆனால் கம்பி எங்கே மேலே வர வேண்டும், எங்கே கீழே வர வேண்டும் என்பதை பொறியாளர்தான் வந்து பார்க்க வேண்டும். அதனால் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பதிவு எண், அது எந்தத் தேதி வரை செல்லும், புட்டிங் (தூணுக்கு அடியில் போடும் காங்கிரீட் பாதம்), பிளிந்த் பீம் (தரை மட்டத்தில் ஓடும் பீம்), ரூஃப் காங்கிரீட் ஆகிய மூன்று நாளும் அவரே நேரில் நிற்பாரா, இந்த மூன்றையும் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுத்தில் தர மறுப்பவர் வர மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு, 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த விவரங்கள் சரி என்று உறுதி கொடுப்பவர் வீட்டுக்காரர். "அனுமதியை வாங்கிக்கலாம் சார், கட்டும்போது பக்கத்துல ரெண்டடி தள்ளிக்கலாம்" என்று சொல்கிற காண்ட்ராக்டரை அந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. பழைய ஊருக்குள் கட்டுபவர்களுக்கு இன்னொன்று: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாசி வீதிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மூன்றாவது மாடி பேசுபவருக்கு ஒன்று விதி தெரியாது, இல்லை தெரிந்தே பேசுகிறார்.

இனி சேவைக்கு வருவோம். மதுரையில் மூன்று விதமாக வீடு கட்டிக் கொடுக்கிறார்கள்.

ஆள் கூலி காண்ட்ராக்ட். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், செங்கல் எல்லாம் நீங்கள் வாங்கிப் போட வேண்டும். மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி கொத்தனார், நிமிந்தாள், சித்தாளோடு வருவார். என்ன பொருள் சுவருக்குள் போகிறது என்று தெரிவது இந்த முறையில் மட்டும்தான். தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கும் உண்டு. ஆனால் சரக்கு ஒரு நாள் தாமதமானாலும் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பக் கூப்பிடுவது பெரும்பாடு. சேதாரமும் உங்கள் கணக்கு. கலந்து வைத்த கலவை மாலையில் மிஞ்சினால் மேஸ்திரிக்கு நஷ்டம் இல்லை.

இந்த முறையில் இறங்குபவர் லோடு அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. டிப்பரின் உள் நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் டேப் வைத்து எடுத்துப் பெருக்குங்கள். நடுவில் கூம்பாக இருப்பதைப் பார்த்து உயரம் எடுக்காதீர்கள், மட்டப்படுத்தச் சொல்லிவிட்டு எடுங்கள். கம்பிக்கு எளிய சூத்திரம் உண்டு: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 8 மி.மீ. என்றால் சுமார் 4.7 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.7 கிலோ, 16 மி.மீ. 19 கிலோ. எடை மேடை ரசீதையும் கம்பி எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும். எண்ணிக்கைப்படி வர வேண்டிய எடையைவிடக் கணிசமாகக் குறைந்தால், மெலிந்த கம்பியை முழு விட்டம் என்று தருகிறார்கள்.

தினம் ஒரு முறையாவது சைட்டுக்குப் போக முடிகிறவருக்கும், கட்டங்களுக்கு மட்டும் வந்து பார்க்கும் பொறியாளர் ஒருவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் இந்த முறையைத்தான் முதலில் பரிந்துரைப்போம். வெளிநாட்டில் இருந்துகொண்டு மச்சானை நம்பி இதைச் செய்தால் மச்சான் உறவும் போய்விடும்.

மெட்டீரியலோடு காண்ட்ராக்ட். மதுரையில் அதிகம் நடப்பது இதுதான். சதுர அடிக்கு ஒரு ரேட், சாவியைக் கையில் தருவது வரை அவர் பொறுப்பு. சண்டையில் முடிவதும் இதில்தான் அதிகம், அதற்குக் காரணம் அனேகமாக அந்தச் சதுர அடிக் கணக்கு.

எந்தெந்தப் பரப்புக்கு ரேட் என்று யாரும் முதலில் பேசுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீடு 1,000 சதுர அடி. முதல் காண்ட்ராக்டர் ரேட்டைக் குறைத்துச் சொன்னதும் மனசு அங்கே போய்விடும். அவர் பில்லில் ஹெட்ரூம் (மாடிப்படி முடியும் இடத்துக் கூரை அறை) 100, போர்டிகோ 150, சன்ஷேடு 60 எல்லாம் முழு ரேட்டில் சேர்ந்து 1,310 சதுர அடி ஆகும். இரண்டாவது ஆள் ரேட்டில் பத்து சதவீதம் கூட. ஆனால் போர்டிகோவுக்குப் பாதி, சன்ஷேடு இலவசம். அவர் கணக்கு 1,175 சதுர அடி. பத்து சதவீதம் ஏற்றினாலும் அது 1,293 சதுர அடிக்குச் சமம். கூட ரேட் சொன்னவர்தான் மலிவு. அதனால் ரேட் கேட்கும்போதே பிளானில் பென்சிலால் கட்டம் போட்டு, இது முழுசா, பாதியா, கிடையாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்டு சுவர், போர், ஈபி இணைப்பு, எலிவேஷன் (முகப்பு) வேலை எல்லாம் வழக்கமாக ரேட்டுக்கு வெளியே. பேஸ்மெண்ட் உயரம் தனிக் கதை. "மூணு அடி பேஸ்மெண்ட்" என்று எழுதியிருப்பார்கள். எந்த மட்டத்தில் இருந்து என்று எழுதியிருக்காது. மனை ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளமாக இருந்தால், மனை மட்டத்தில் இருந்து மூன்றடி என்பது ரோட்டுக்கு மேல் ஒன்றரை அடிதான். அடுத்த முறை ரோடு போடும்போது மழைத் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். "ரோட்டு நடு மட்டத்தில் இருந்து" என்ற வார்த்தைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பு, தண்ணீர் லாரி யார் செலவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வீட்டு இணைப்பில் இருந்து ஒயர் இழுத்து மிக்சர் ஓட்டி அபராதம் வந்தால் அது வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

பொருள் பட்டியலில் "அல்லது அதற்கு இணையான" என்ற சொற்றொடர் எங்கே வந்தாலும் பேனாவால் அடித்துவிடுங்கள். சிமெண்ட், கம்பி, ஒயர், பைப், ஸ்விட்ச், டைல்ஸ், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் பிராண்டும் ரகமும் அளவும் வேண்டும். ஒயர் என்றால் லைட்டுக்கு 1, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. என்று எழுத வேண்டும். நிலைக்கும் கதவுக்கும் என்ன மரம், நிலையின் கனம் எத்தனை அங்குலம் என்று எழுத வேண்டும். "நல்ல மரம்" என்பது ஒரு மர வகை கிடையாது.

பேக்கேஜ் கம்பெனிகள். வெளியூரில் இருந்து வந்து இங்கே கிளை போட்டிருப்பவை. பேசிக், பிரீமியம், ராயல் என்று மூன்று நான்கு விலை, மொபைல் ஆப்பில் தினம் போட்டோ, சைட்டில் கேமரா. காகிதம் எல்லாம் சுத்தமாக இருக்கும். கட்டணத் தவணைகளும் ஓரளவு நியாயமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவர்களிடம் பிடித்தது அதுதான். பிடிக்காதது, கட்டுவது அதே உள்ளூர் மேஸ்திரி; நடுவில் ஒரு கமிஷன் கூடுகிறது. சைட் இன்ஜினியர் புதிதாகப் படிப்பு முடித்த பையனாக இருப்பார். நான்கைந்து வேலையை ஒரே பைக்கில் ஓடிப் பார்ப்பார். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய் வரை என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்புக்குள் கடையில் நல்ல சரக்கு கிடைக்காது; கூடுதல் தொகை உங்கள் தலையில். கையெழுத்துக்கு முன்னால் அந்த வரம்பு விலைகளை எடுத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்கு ஒரு நடை போய் வந்தால் பேக்கேஜின் உண்மை விலை தெரியும். வெளியூரில் இருப்பவருக்கு மட்டும் இது ஏற்றது. உள்ளூரில் இருப்பவர் இந்தக் காசைக் கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு காண்ட்ராக்டரை எடை போட இரண்டு இடம் போதும்: வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் நாள், ரூஃப் போடும் நாள்.

மதுரையைச் சுற்றி மண் ஒரே மாதிரி கிடையாது. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண்ணும் சரளையும். கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும் இடங்கள் நிறைய. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி பக்கம் போனால் கரிசல். நகர விரிவாக்கத்தில் பழைய கண்மாய்க் கரையோரமும் வயலும் மனையாகியிருக்கின்றன. ஆனால் காண்ட்ராக்டர்கள் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்துதான் கொடுப்பார்கள்: அஞ்சடி வானம், நாலுக்கு நாலு புட்டிங். கரிசல் சித்திரையில் சுருங்கி வெடிக்கும், ஐப்பசியில் உப்பும். அந்த ஏற்ற இறக்கம் நடக்கும் ஆழத்துக்குள்ளேயே புட்டிங் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். பட்டி பார்த்து அடைப்பார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். இப்படிப்பட்ட மண்ணில் அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணில் துளையிட்டு இறக்கும் காங்கிரீட் தூண்) சுமார் 3.5 மீட்டர் வரை இறக்கி, அதன் மேல் பீம் ஓட்டி, பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் மூன்று அங்குலம் இடைவெளி விடுவது முறை. செலவு கூடும்தான். "மண் பரிசோதனை எதுக்கு சார், பக்கத்து வீட்டுல பார்த்தோமே" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பேஸ்மெண்டுக்குள் மண் நிரப்புவதில் நடக்கும் ஏமாற்று வேலையை டைல்ஸ் மறைத்துவிடும். கிராவலை முக்கால் அடிக்கு மேல் போகாமல் அடுக்கு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு திம்சு போட்டு இடித்து இறுக்க வேண்டும். மூன்றடியையும் ஒரே நாளில் ஜேசிபியால் தள்ளி மேலே தண்ணீர் காட்டினால் தரை இறங்கும். ஹாலின் நடுவில் நடக்கும்போது டைல்ஸ் "டொக் டொக்" என்று கேட்கும். நிரப்பி முடிந்ததும் கரையான் மருந்துக் கரைசல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் ஊற்ற வேண்டும். ஒரு கைத்தெளிப்பானோடு ஒருவர் வந்து பத்து நிமிஷத்தில் போய்விட்டால் அந்த அளவு போகவில்லை என்று அர்த்தம்.

ரூஃப் நாள். 1,000 சதுர அடிக்கு 5 அங்குல கனம் என்றால் 417 கன அடி, அதாவது சுமார் 11.8 கன மீட்டர் காங்கிரீட். எம்20 தரத்துக்கு, 1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஆக ஸ்லாபுக்கு மட்டும் 94, 95 மூட்டை, பீம் தனி. மாலையில் காலிச் சாக்கை எண்ணுங்கள். எழுபதுக்குள் முடிந்திருந்தால் மிச்சம் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூட்டைக்கு ஒன்றேகால் கன அடிப் பெட்டியில் ஒன்றரைப் பெட்டி எம்-சாண்ட், மூன்று பெட்டி முக்கால் அங்குல ஜல்லி. சட்டிக் கணக்கில் போட்டால் காலையில் ஒரு அளவு, சாப்பாட்டுக்குப் பிறகு வேறு அளவு. தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. எம்-சாண்ட் ஈரமாக வந்திருந்தால் இன்னும் குறைய வேண்டும். ஆட்களுக்கு இழுத்துப் பரப்ப லேசாக இருக்கும் என்று மிக்சர்காரர் குடத்தைச் சாய்த்துக்கொண்டே இருப்பார். பலம் குறைவதும், பின்னால் மயிரிழை விரிசலில் நீர் கசிவதும் அந்தக் கூடுதல் குடங்களால்தான்.

காங்கிரீட் போடும் முன் கம்பியைப் பாருங்கள். ஸ்லாபுக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, தூணுக்கு 40, புட்டிங்குக்கு 50 மி.மீ. கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் கட்டை) வேண்டும். ஜல்லிக் கல்லைச் செருகி வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சன்ஷேடும் முன்புறம் நீட்டிய பால்கனியும் தொங்கும் அமைப்பு. அவற்றின் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கட்டும்போது சரியாகத்தான் கட்டுவார்கள். சட்டி தூக்கும் ஆட்கள் அதன் மேலேயே நடந்து நடந்து மத்தியானத்துக்குள் அது பலகையோடு ஒட்டிவிடும். மேல் கம்பியைத் தாங்க வளைத்த கம்பியாலான சேர் வைக்க வேண்டும், நடக்கத் தனிப் பலகை போட வேண்டும். முட்டு எடுக்கும்போது பால்கனி தொங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

முட்டு எடுக்கவும் கணக்கு உண்டு. தாங்கும் இரு பக்கங்களுக்கும் நடுவில் 4.5 மீட்டருக்குள் உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. சென்ட்ரிங் பலகை வாடகை ஓடுகிறது என்று ஐந்தாம் நாளே பிரிக்க வருவார்கள், விடாதீர்கள். பிபிசி (ஃப்ளை ஆஷ் கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கத்திரி வெயிலில் காலையில் ஒரு தடவை ஓஸ் பிடிப்பது பதினோரு மணிக்கே ஆவியாகிவிடும். அன்று போட்ட காங்கிரீட்டில் 15 செ.மீ. கட்டிகள் மூன்று எடுத்து 28-ஆம் நாள் ஏதாவது பொறியியல் கல்லூரி சிவில் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி எடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலே குடம் சாய்வது குறையும்.

செங்கல் கட்டுமானத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: நனைத்த கல், ஒரு நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்றாதது, தூணும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் கோழி வலை.

பணம் கொடுக்கும் தவணையில்தான் உங்கள் பிடி இருக்கிறது. பலர் நீட்டும் தவணைப் பட்டியலில் ரூஃப் முடியும்போது எண்பது சதவீதம் போயிருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் வீட்டின் செலவு ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். மீதி இருபதில் பூச்சு, வயரிங், டைல்ஸ், கதவு, பெயிண்ட் முடிக்க அவருக்கு என்ன ஆர்வம் இருக்கும்? அடுத்த சைட்டின் அட்வான்ஸை வாங்கி உங்கள் பூச்சு வேலையை ஓட்டுவார். அது வராத மாதம் உங்கள் வேலை நிற்கும். இப்படிப் பிரியுங்கள்: அட்வான்ஸ் 5, பேஸ்மெண்ட் 15, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் பீம்) 12, ரூஃப் 20, உள்ளும் வெளியும் பூச்சு 18, வயரிங்கும் பைப்பும் 8, டைல்ஸும் கதவும் 12, பெயிண்ட் 5, பிடித்தம் (கடைசியில் கொடுக்க நிறுத்தி வைப்பது) 5. வங்கிக் கடன் என்றால் வங்கியின் கட்டங்களும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று முன்பே பாருங்கள்.

எல்லாம் வங்கி வழியாகவே கொடுங்கள். மெட்டீரியலோடு ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தனியாகக் கேட்பவர் ஜிஎஸ்டி எண்ணோடு பில் தர வேண்டும், எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கே ஒரு வருஷத்தில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் வரி பிடித்துக் கட்டும் கடமை உங்களுக்கு உண்டு. ஆட்களுக்குக் காப்பீடு எடுத்தாரா, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்று கேளுங்கள்; சாரத்தில் இருந்து ஒருவர் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டப்படி சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் போடலாம். அங்கே பேசுவது ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் தேதி போட்ட போட்டோவும்தான்.

காலக்கெடு எழுதும்போது தை மாதம் பால் காய்ச்ச நாள் குறிப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பூசிய சுவர், மார்கழிப் பனியில் காயாமல், தையில் பட்டியும் பெயிண்டும் வாங்கும். சித்திரையில் செதில் செதிலாக உரியும். சித்திரைத் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஒரு வாரம் வர மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 5 சதவீதப் பிடித்தத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதாகப் பெய்து முடியும் வரை விடக் கூடாது. மாடியில் தட்டோடு பதித்த இடம், கைப்பிடிச் சுவர் அடி, பாத்ரூம் சுவரின் மறுபக்கம் மூன்றையும் மழை நின்ற மறுநாள் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சாவி வாங்கும்போது கம்பி வரைபடமும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் வயரிங், பைப் போன பாதையை டேப் வைத்து எடுத்த போட்டோவும், செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று அளவு போட்ட ஒரு தாளும் கேட்டு வாங்குங்கள். பின்னால் ஏசி மாட்ட வருகிறவர் டிரில்லை எங்கே வைக்கலாம் என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் அந்தப் போட்டோ மட்டும்தான் இருக்கும்.